வைக்கோல் போர் துப்பாக்கி ஒழியட்டும்! பந்தயத் துப்பாக்கி வரட்டும்!

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கிடைக்காத சாமான் இல்லை என்பார்கள். ஆடு உண்டு, மாடு உண்டு, கோழி உண்டு. தேங்காய், புளி, தானியம், துணிமணி எல்லாம் உண்டு. ஆனால் இந்த ஊர்ப் பையனோ பெண்ணோ, "துப்பாக்கி சுடும் போட்டியில் சேரணும், எங்கே போய் கத்துக்கலாம்?" என்று கேட்டால் என்ன பதில் வருகிறது? சென்னையைக் காட்டுகிறார்கள். கோவையைக் காட்டுகிறார்கள். மதுரை, திருச்சி என்கிறார்கள். சென்னைக்கு இங்கிருந்து சுமார் 250 கிலோ மீட்டர். பஸ்சில் போய் வருவதற்கே ஒரு நாள் போய்விடும்.

அதே சமயம், மலையோர கிராமங்களில் போலீசார் தேடுதல் நடத்தினால் என்ன கிடைக்கிறது? வைக்கோல் போரில் துப்பாக்கி! மாட்டுக் கொட்டகைப் பரணில் துப்பாக்கி! புதருக்குள் சாக்கில் சுற்றிய துப்பாக்கி!

கண்டிப்போடு சுடக் கற்றுத் தரும் இடம் பக்கத்தில் இல்லை. கள்ளத்தனமாகச் சுடும் துப்பாக்கிக்கு மட்டும் பஞ்சம் இல்லை. இந்தத் தலைகீழ் நிலைமை மாற வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

ஒரே மாவட்டம், இரண்டு குண்டு

புதுக்கோட்டை மாவட்டத்தைப் பாருங்கள். 2021-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி. நார்த்தாமலை பக்கம் பசுமலைப்பட்டியில் உள்ள துப்பாக்கி சுடும் தளத்தில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். தளத்திலிருந்து வெகு தூரம் தள்ளி ஒரு வீடு. அங்கே 11 வயதுச் சிறுவன் ஒருவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்கிருந்தோ பறந்து வந்த குண்டு அவன் தலையில் பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். பலன் இல்லை. 2022 ஜனவரி 3-ந் தேதி பையன் இறந்துபோனான். அதற்கு முன்னரே தளத்தை மூட உத்தரவு வந்தது. சர்க்கார் நிவாரணப் பணம் கொடுத்தது. போன உயிர் வரவில்லை.

அதே புதுக்கோட்டையின் ராஜ குடும்பத்தைச் சேர்ந்தவர் பிருத்விராஜ் தொண்டைமான். 2023-ல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் டிராப் பிரிவில் தங்கம் வென்ற இந்திய அணியில் அவர் ஒருவர். பறக்கும் மண் தட்டைச் சுட்டு உடைக்கும் போட்டி அது. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் போனார். பதக்கம் கிடைக்கவில்லை. ஆனாலும் தமிழ்நாட்டுக்காரர் அங்கே நின்றாரே, அதுவே பெருமை.

ஒரே மாவட்டம். ஒரு குண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்த குழந்தையைக் கொன்றது. இன்னொரு குண்டு தேசத்துக்குத் தங்கம் வாங்கித் தந்தது. வித்தியாசம் எங்கே இருக்கிறது? போட்டி மைதானத்தில் குண்டு எங்கே போய் விழும் என்று முன்னாலேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். நார்த்தாமலையில் அந்தக் கணக்கு தவறிப்போனது. பெரிய படையின் பயிற்சியிலேயே இப்படி என்றால், கணக்கே போடாமல் காட்டில் சுடுகிறவன் கதையைக் கேட்கவா வேண்டும்?

பால்ரசும் தேங்காய் நாரும்

நாட்டுத் துப்பாக்கி என்றால் என்ன என்று டவுன் வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இரும்புக் குழாய் ஒன்று, அதற்கு மரக்கட்டை ஒன்று. குழாயின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டுவார்கள். துணியோ தேங்காய் நாரோ வைத்துக் கம்பியால் குத்தி அடைப்பார்கள். அதன் மேல் ஈயக் குண்டு அல்லது சைக்கிள் பால்ரஸ். மறுபடியும் அடைப்பு. மருந்து கொஞ்சம் கூடினால் குழாயே வெடித்துச் சுட்டவன் கை போகும். முகமும் போகும். குறி என்பது பேருக்குத்தான். நான்கு பால்ரஸ் போட்டால் நான்கும் நான்கு திக்கில் போகும்.

இதை எடுத்துக்கொண்டு ராத்திரியில் முயலுக்கும் பன்றிக்கும் போகிறார்கள். புதர் அசைந்தால் பன்றி என்று நினைத்துச் சுடுகிறார்கள். கூட வந்த சிநேகிதனே விழுகிறான். போலீஸ் ஸ்டேஷனுக்குச் செய்தி சேகரிக்கப் போகிற எந்த நிருபருக்கும் இது புதுக் கதை இல்லை. வருஷா வருஷம் எங்காவது ஒரு மலையடிவாரத்தில் நடக்கிறது. வெளியே சொன்னால் கேஸ் என்று பயந்து, அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகாமல் வைத்திருந்து உயிரை விடவைப்பதும் உண்டு.

சட்டம் சும்மா இல்லை. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019-ல் திருத்திய ஆயுதச் சட்டப்படி குறைந்தது 2 வருஷம், கூடினால் 5 வருஷம் ஜெயில். கல்யாணம், திருவிழா என்று வானத்தைப் பார்த்து வெடித்து மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் அதற்கும் 2 வருஷம் வரை தண்டனை, 1 லட்ச ரூபாய் வரை அபராதம். லைசென்ஸ் வைத்திருப்பவர்கூட முன்பு 3 துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம்; இப்போது 2-க்கு மேல் கூடாது. தேர்தல் வந்தால் அதையும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டப் போலீசார் பல தடவை அறிவிப்புச் செய்திருக்கிறார்கள். "நீங்களே கொண்டுவந்து ஒப்படைத்துவிடுங்கள், கேஸ் போடமாட்டோம்" என்று தண்டோரா போட்டார்கள். ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். துப்பாக்கிகள் வந்தன. நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் ஒரு கேள்வி. ஒப்படைத்த துப்பாக்கிக்குப் பதிலாக மறுபடி ஒன்று பட்டறையில் தயாராகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

விவசாயி ஏன் ஒளித்து வைக்கிறான்?

விவசாயி பக்கத்து நியாயத்தையும் பேசாமல் இருக்கக்கூடாது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி பக்கம் போய்க் கேளுங்கள். ராகிக் கொல்லையில் யானை. நிலக்கடலையில் காட்டுப் பன்றி. விடிய விடிய காவல் இருந்தும் ஒரே ராத்திரியில் பயிர் போய்விடும். 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பூமி அது. மிருகத்தைச் சுட்டால் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும்.

காட்டுப் பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் உத்தரவு போட்டது. காப்புக் காட்டிலிருந்து 1 கிலோ மீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோ மீட்டர் வரை என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். கவனியுங்கள், வனத்துறையினர்தான் சுடலாம். விவசாயி தானே சுட அதில் இடம் இல்லை.

ஆகவே, பயிரைக் காக்க நாட்டுத் துப்பாக்கி என்ற சாக்கு சட்டத்தின் முன்னால் நிற்காது. பன்றிக்கு வனத்துறை வர வேண்டும், நஷ்ட ஈடு காலா காலத்தில் வர வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது வேறு போராட்டம், அதற்கும் இந்தப் பத்திரிகை துணை நிற்கும். ஆனால் குறி பார்க்கும் ஆசை இருக்கிறதே, அது பன்றியோடு முடிவதில்லை. திருவிழாவில் பலூன் சுடும் கடை முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள்? வேட்டைக்குப் போகிற வாலிபர்களில் பாதிப்பேர் கறிக்காகவா போகிறார்கள்? "நான் அடிச்சேன் பாரு" என்று சொல்லிக்கொள்ளத்தான் போகிறார்கள். அந்த ஆசைக்கு ஒரு சுவரும், ஒரு குறிப்பலகையும், ஒரு வாத்தியாரும் கொடுத்துவிட்டால் என்ன?

ரைபிள் கிளப்பில் என்ன நடக்கிறது?

"ரைபிள் கிளப்பா? அது பணக்காரங்க சமாசாரம் சார்" என்று பஸ்சில் பக்கத்து சீட்காரர் சொல்லலாம். அங்கே நடப்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம்.

கிளப்களில் முதல் பாடம் ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல். கரிமருந்து கிடையாது. வெறும் காற்றழுத்தம். நாலரை மில்லி மீட்டர் ஈயக் குண்டு. தூரம் 10 மீட்டர். ஒரு பள்ளிக்கூட ஹால் இருந்தால் போதும்.

ஒலிம்பிக் ஏர் ரைபிள் போட்டியில் 60 குண்டு சுட வேண்டும். அதற்கு ஒன்றேகால் மணி நேரம். பலகையின் நடுவில் உள்ள 10 மார்க் புள்ளி எவ்வளவு பெரிசு தெரியுமா? அரை மில்லி மீட்டர்! பேனா முனை வைத்த புள்ளி மாதிரி. நட்ட நடுவில் பட்டால் 10.9. அறுபதும் அப்படியே பட்டால் 654. மூச்சை அடக்க வேண்டும், கை ஆடக்கூடாது, மனசும் ஆடக்கூடாது. முதல் நாள் சண்டை போட்டவன், ராத்திரி குடித்தவன் மறுநாள் அங்கே நிற்க முடியாது. பலகை காட்டிக்கொடுத்துவிடும்.

ஒழுங்கு அதைவிடக் கறார். துப்பாக்கியின் வாய் எப்போதும் பலகையைப் பார்த்தே இருக்க வேண்டும். சுடுகிற நேரம் தவிர விசையில் விரல் போகக்கூடாது. சுடாத நேரத்தில் குழாயில் கலர்க் கயிறு மாட்டி, குண்டு இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும். "லோட்" என்றால்தான் குண்டு போடலாம். "ஸ்டார்ட்" என்றால்தான் சுடலாம். "ஸ்டாப்" என்ற சத்தம் கேட்டால் பாதியில் இருந்தாலும் நிறுத்த வேண்டும். மீறினால் போட்டியிலிருந்தே வெளியே அனுப்பிவிடுவார்கள். எவ்வளவு பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளை ஆனாலும் சரி.

சென்னை, கோவை, மதுரை ரைபிள் கிளப்கள் இப்படித்தான் ஓடுகின்றன. திருச்சியில் கே.கே. நகர் ஆயுதப்படை வளாகத்தில் ரைபிள் கிளப் இருக்கிறது. 2022 ஜூலையில் அங்கே மாநிலப் போட்டி நடந்தது. நடிகர் அஜித்குமார் சென்னையிலிருந்து வந்து கலந்துகொண்டார், பதக்கங்களும் வாங்கினார். அவரைப் பார்க்க ரசிகர்கள் திரண்டு, போலீசாருக்குக் கூட்டத்தை அடக்குவதே பெரும் வேலையாகிவிட்டது. தமிழ்நாட்டில் எத்தனையோ பேருக்கு, "ரைபிள் கிளப் என்று ஒன்று இருக்கிறதா!" என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டிக்கெட் பரிசோதகர் வாங்கிய பதக்கம்

பணக்காரர் விளையாட்டு என்பதில் ஓரளவு உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. 2008-ல் பெய்ஜிங்கில் இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் கொடுத்தவர் அபினவ் பிந்த்ரா. அவர் வீட்டிலேயே சுடும் தளம் கட்டிப் பழகியவர். போட்டிக்கான வெளிநாட்டு ஏர் ரைபிள் விலை லட்சத்தைத் தாண்டும்.

ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கைப் பாருங்கள். 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே மகாராஷ்டிராவில் கோலாப்பூர் பக்கத்துக் கிராமத்துக்காரர். அப்போது ரெயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் உத்தியோகம்! தினம் ரெயிலில் போகிற வாசகர்களுக்குப் பழக்கமான அதே கறுப்புக் கோட்டு உத்தியோகம்தான். அதே பாரிசில் இரண்டு வெண்கலம் வாங்கிய மனு பாக்கர் அரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டத்துக் கிராமப் பெண். ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் வாங்கும்போது அவருக்கு வயது 22.

தமிழ் மண்ணில் பிறந்தவர்களுக்கும் குறி தெரியும். 2012 லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் பிறந்தது சென்னையில். 2019-ல் ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் ஏர் ரைபிளில் தங்கம் வாங்கிய இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில். ஆனால் இளவேனில் வளர்ந்தது, சுடக் கற்றது எல்லாம் குஜராத்தில். கடலூரில் பிறந்த பெண்ணுக்கு அகமதாபாத்தில் தளம் கிடைத்தது. போச்சம்பள்ளியில் பிறக்கும் பெண்ணுக்கு?

பக்கத்து மாநிலத்தில் தேங்காய்ப் பந்தயம்

எல்லை தாண்டினால் கர்நாடகம். அங்கே குடகு நாட்டில் துப்பாக்கியைக் குடும்பத்துச் சொத்தாகவே வைத்திருக்கிறார்கள். குடவர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே லைசென்சிலிருந்து விலக்கு உண்டு. 2019-ல் மத்திய சர்க்கார் அதை 2029 வரை நீட்டித்தது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கைக் கர்நாடக ஐகோர்ட் 2021-ல் தள்ளுபடி செய்தது. செப்டம்பர் மாதம் கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுவார்கள். பிறகு மரத்தில் தேங்காயைக் கட்டித் தூரத்திலிருந்து சுடும் பந்தயம். ஊரே கூடும். பெண்களும் சுடுவார்கள். ஜெயித்தவருக்குப் பரிசு.

நமக்கு அந்த விலக்கு வேண்டாம், கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வீடு துப்பாக்கி வந்தால் விபரீதம்தான். குடகிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. அங்கே துப்பாக்கி ஒளிந்து கிடப்பதில்லை. ஊர் பார்க்க எடுக்கிறார்கள், ஊர் பார்க்கச் சுடுகிறார்கள். நாலு பேர் பார்க்கிற இடத்தில் எவனும் தப்பாகக் கை நீட்டமாட்டான். தேங்காய்க்குப் பேர் போன நம்ம ஊரில் பந்தயத்துக்குத் தேங்காயா பஞ்சம்?

யார் செய்ய வேண்டும்?

போச்சம்பள்ளிக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 7-வது அணி இந்த ஊரில்தான் இருக்கிறது. துப்பாக்கியை எப்படிப் பிடிக்கணும், எப்படி வைக்கணும் என்று தெரிந்தவர்களைத் தேடி வெளியூர் போக வேண்டாம். சிப்காட்டும் இருக்கிறது. 2021-ல் ஓலா ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்தபோது, முழுக்க முழுக்கப் பெண்களை வைத்தே நடத்தப்போவதாக அறிவித்தார்கள். சுற்று வட்டாரப் பெண்கள் பஸ்சில் ஷிப்டுக்குப் போய் வருகிற காலம் இது. லீவு நாளில் அவர்கள் போக ஒரு விளையாட்டு இடம் எங்கே?

எனவே கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் நமது யோசனைகள் இவை:

முதலாவது, திருச்சி மாதிரி போலீஸ் பொறுப்பிலேயே ஒரு ரைபிள் கிளப். ஆரம்பத்தில் 10 மீட்டர் ஏர் ரைபிள் மட்டும் போதும். நாலு பக்கமும் சுவர், பலகைக்குப் பின்னால் குண்டைப் பிடிக்கும் இரும்புத் தடுப்பு. வெடி மருந்துத் துப்பாக்கியைப் பற்றி அப்புறம் பேசலாம். நார்த்தாமலைப் பாடத்தை மறக்கக்கூடாது.

இரண்டாவது, துப்பாக்கி கிளப்புடையதாக இருக்கட்டும். உறுப்பினர் வந்து சுட்டுவிட்டு, பீரோவில் வைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும். வீட்டுக்கு எடுத்துப்போகும் பேச்சே வேண்டாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தொழிலாளிப் பெண்களுக்கும் கட்டணத்தில் சலுகை வேண்டும். சிப்காட் கம்பெனிகள் இரண்டு ரைபிள் வாங்கிக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்கள்?

மூன்றாவது, ரொம்ப முக்கியமானது. கிளப் கார்டு கவுரவச் சின்னம் ஆகிவிடக்கூடாது. லைசென்ஸ் வாங்குவதற்காகவே கிளப்பில் பேர் எழுதி வைக்கும் பிரமுகர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இத்தனை நாள் வந்து சுட்டால்தான் உறுப்பினர் என்று விதி வைக்க வேண்டும். அடிதடிக் கேஸ் உள்ளவர்களுக்கு வாசலிலேயே தடை. கட்சிக் கரை வேட்டிக்குத் தனிச் சலுகை கிடையாது.

நான்காவது, நாட்டுத் துப்பாக்கி ஒப்படைக்கும் முகாமையும் கிளப்பையும் இணைக்க வேண்டும். பரணில் இருந்ததைக் கொண்டுவந்து கொடுத்த குடும்பத்துப் பிள்ளைக்கு முதல் வருஷம் இலவசப் பயிற்சி. "துப்பாக்கியைப் பிடுங்கிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த வீட்டில், "எங்க பையன் மாவட்டப் போட்டிக்குப் போறான்" என்ற பேச்சு வரட்டும்.

பயப்படுகிறவர்களுக்கு

"ஊர்ப் பையன்களுக்குத் துப்பாக்கியைப் பழக்கிவிட்டால் நாளைக்கு ரவுடியாக மாட்டானா?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான பயம். இந்த மண்ணுக்குத் துப்பாக்கி என்றால் என்ன ஞாபகம் வரும் என்பதும் தெரிந்ததே. சந்தன வீரப்பன் 2004 அக்டோபர் 18-ந் தேதி சுட்டுக் கொல்லப்பட்டது பக்கத்துத் தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில்தானே!

ஆனால் யோசித்துப் பாருங்கள். ரவுடி எவனும் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, போலீஸ்காரர் முன்னால் ஒன்றேகால் மணி நேரம் மூச்சடக்கி நிற்கமாட்டான். அவனுக்கு வேண்டியது இருட்டு. கிளப்பில் இருப்பது வெளிச்சம். பேர், விலாசம், போட்டோ எல்லாம் போலீசார் கையில். அப்புறம் என்ன பயம்?

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறோம். திறப்பு விழாவுக்கு மந்திரி வருவார், பிரமுகர்கள் வருவார்கள், ஆளுக்கு ஒரு குண்டு சுட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதோடு பூட்டுப் போட்டுவிட்டால் அந்தக் கிளப் நமக்கு வேண்டாம். விழா முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமையும் கதவு திறந்திருக்க வேண்டும். சந்தைக்கு வந்த தகப்பன் தேங்காய் விலை பேசி முடிக்கும் வரையில், மகளைக் கிளப்பில் விட்டுவிட்டுப் போக வேண்டும். அப்படி ஒரு கிளப்தான் வேண்டும்.

போலீஸ் இருக்கிறது. இடம் இருக்கிறது. கம்பெனிகள் இருக்கின்றன. ஆர்வமுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். உத்தரவு ஒன்றுதான் பாக்கி.

இன்னொரு புதருக்குள்ளிருந்து இன்னொரு பால்ரஸ் பாய்வதற்கு முன்னால், அதிகாரிகள் கவனிப்பார்களா?